தறிக்கு மேல் காய்த்த பூசணி

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். செடியைப் படம் பிடித்துப் போட்டால் நோயைச் சொல்லும் செயலி இப்போது எல்லார் கைபேசியிலும் இருக்கிறதல்லவா? ஆரணி பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர், கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த செடியைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். இரும்புச் சத்துக் குறைவு என்று பதில் வந்திருக்கிறது. மருந்து வாங்கி விடாமல் தெளித்தும் இலை அப்படியே இருக்கவே, அலுவலகத்துக்குச் சண்டைக்கு வந்துவிட்டார். இவள் போய்ப் பார்த்தால் அது பிளாஸ்டிக் செடி.

"உங்க காலத்துல இந்த மாதிரி கூத்தெல்லாம் கெடையாது இல்ல மேடம்?" என்று கேட்டாள்.

சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தால், எங்களுக்குச் செயலிதான் கிடையாதே தவிர கூத்துக்கு ஒன்றும் குறைவில்லை. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தோட்டக்கலைத் துறையில் கள அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். படிப்பையும் பயிற்சியையும் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒட்டுக் கட்டவும் பதியம் போடவும் பூச்சிகளைப் பெயர் சொல்லி அடையாளம் காணவும் கற்றுக்கொடுத்தார்கள். ஆட்களிடம் எப்படிப் பேசுவது என்று யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அதைத் தெள்ளாரில் கொஞ்சம், சேத்துப்பட்டில் கொஞ்சம் என்று அடிபட்டுத்தான் கற்றேன்.

சேத்துப்பட்டுப் பக்கம் ஏழுமலை என்று ஒரு விவசாயி இருந்தார். மரவள்ளி போட்டிருந்தார். காட்டுப்பன்றி வந்து கிழங்கைத் தோண்டித் தின்றுகொண்டிருந்தது. கொல்லையைச் சுற்றிப் பளிச்சென்ற நிறத்தில் பழைய புடவைகளைக் கட்டுங்கள், பன்றி மிரளும் என்று சொல்லிவிட்டு வந்தேன். புடவையும் வேலியில் ஏறியது. பன்றி வரவில்லை. ஆனால் கட்டியது அவர் மனைவி. அந்த அம்மாள் மாமியாரின் பெட்டியை அப்படியே காலி செய்து, மாமியார் பண்டிகைக்குக் கட்டும் புடவை வரைக்கும் வேலியில் ஏற்றிவிட்டார். மாமியார் வந்து பார்த்து மண்ணை வாரித் தூற்றினார். சேதி பரவியது. பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் கூட்டங்கூட்டமாக வந்து வேலியைச் சுற்றினார்கள். கொடியில் காயப்போட்டுக் காணாமல் போன தன் புடவை அங்கே ஆடுவதாக ஒருத்தி சத்தம் போட்டாள். மரவள்ளி எல்லாம் மிதிபட்டுப் போயிற்று.

ஏழுமலை என்னிடம் வந்து, "பன்னின்னா ராத்திரி வந்துட்டுப் போயிடும் மேடம். இவுங்க பகல்லயே வந்துகினு இருக்காங்க. இவுங்களுக்கு இன்னா கட்டறது?" என்று கேட்டார்.

இதை நான் அழாத குறையாக எங்கள் உதவி இயக்குநரிடம் சொன்னேன். ராஜமாணிக்கம் சார் என்று பெயர். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "புடவைன்னு சொன்னீங்க, சரி. யார் புடவைன்னு சொல்லாம வந்துட்டீங்க. யோசனைன்னா முழுசா சொல்லணும்மா" என்றார்.

அவர் அப்படித்தான். யார் எதைக் கேட்டாலும் சிரிக்காமல் கேட்பார். எங்கே போனாலும் கையில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். வெயிலில் அதைத் தனக்குப் பிடித்து நான் பார்த்ததில்லை. செடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, குடையைச் செடிக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொள்வார். வெயிலில் எல்லா இலையும் வாடின இலை மாதிரித்தான் தெரியும், நிழலில் வைத்துப் பார்த்தால்தான் நிஜம் தெரியும் என்பார். அவர் பார்த்து முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது. முடித்ததும் மூன்றே கேள்வி கேட்பார். எப்போது நட்டீர்கள்? யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? எங்களுக்கு முன்னால் யாரைக் கேட்டீர்கள்? மூன்றாவதுதான் முக்கியம். நம்மிடம் வருவதற்குள் மச்சான், உரக்கடைக்காரர், கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து செய்யாறுக்குப் போகிறவர் என்று எல்லாரையும் கேட்டு, எல்லாரும் சொன்னதையும் செடிக்குச் செய்து முடித்திருப்பார்கள். நோயைவிட வைத்தியத்தில் செத்த செடிகள்தான் அதிகம்.

நாங்கள் இருவரும் ஆரணிக்கு மாற்றலாகி வந்த பிறகு, வீட்டுத் தோட்டத் திட்டம் வந்தது. நெசவாளர் தெருக்களில் வீடு வீடாகப் போய் விதைப் பொட்டலமும், எப்படி வளர்ப்பது என்று ஒரு நோட்டீசும் கொடுத்தேன். வாங்கியவர்களில் பாதிப் பேர் விதையைப் பரணில் போட்டார்கள். மீதிப் பேர் நட்டார்கள். நட்ட ஒரு பூசணிதான் எங்களைப் படுத்தி எடுத்தது.

ஒருநாள் காலை ஒரு நெசவாளர் அலுவலகத்துக்கு வந்தார். சம்பந்தம் என்று பெயர் சொன்னார். ஐம்பதைத் தாண்டியவர். வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"மேடம், ஒரு பூசணிக்கா எவ்ளோ பெருசு வளரும்?"

ஆவலாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். "நல்லாக் கவனிச்சா பத்து கிலோகூட வரும்ங்க" என்றேன்.

முகம் தொங்கிப் போயிற்று. "அத்த கொஞ்சம் கொறைக்க முடியுமா?"

"எதைங்க?"

"வளர்றதத்தான். வளரக் கூடாது மேடம். ஆனா சாவவும் கூடாது."

விளையாடுகிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. நேரே சாரிடம் அழைத்துப் போனேன். சார் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எப்ப நட்டீங்க?"

"நான் நடலீங்க."

"யார் தண்ணி ஊத்தறது?"

"பக்கத்து வூட்டுல ஊத்துவாங்கன்னு நெனைக்கிறேன்."

"எங்களுக்கு முன்னாடி யாரைக் கேட்டீங்க?"

"யாரையும் கேக்கலீங்க. வெளிய சொல்ற மாதிரி இல்ல."

மூன்றாவது கேள்விக்கு அப்படி ஒரு பதிலை சார் அதுவரை கேட்டதில்லை. எழுந்து, "வாங்க, போலாம்" என்றார்.

பழைய ஓட்டு வீடு அது. அப்பா காலத்தில் ஒரே வீடாக இருந்தது. அண்ணன் சம்பந்தம், தம்பி சேகர் இருவருக்கும் நடுவே சுவர் வைத்துப் பிரித்திருந்தார்கள். தண்ணீர் மோட்டாரை யார் முதலில் போடுவது என்பதில் வந்த சண்டையில் பேச்சு நின்று, வருடக் கணக்காகிவிட்டது. சம்பந்தத்தின் கூடம் முழுக்கத் தறிதான். தரையில் குழி, குழியில் கால் விட்டு உட்கார்ந்து நெய்யும் தறி. கூடத்தின் நீளத்துக்குப் பட்டுப் பாவு, அதாவது புடவைக்கான நீள இழைகள், இழுத்துக் கட்டியிருந்தது. மாம்பழ மஞ்சள் நூல் வெளிச்சத்தில் தகதகவென்று இருந்தது.

வெளிச்சம் கூரையிலிருந்த கண்ணாடி ஓட்டு வழியாக வரவேண்டும். அந்த ஓட்டைக் குரங்கு உடைத்துவிட, அவர் பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடியிருந்தார். தம்பி வீட்டுப் பின்கட்டில் நட்ட பூசணிக் கொடி சுவர் ஏறி, ஓட்டின் மேல் படர்ந்து, தாளை நெம்பிக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. என் பொட்டலத்து விதைதான். உள்ளே வந்ததோடு நிற்காமல் காயும் பிடித்திருந்தது. இளநீர் அளவில், பச்சையாக, சுணை மின்ன, பாவுக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"சார், அதோ" என்று நான் கையைத் தூக்கினேன். சம்பந்தத்தின் மனைவி கௌரி பாய்ந்து வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, வெரலை நீட்டாதீங்க மேடம்! பூசணிப் பிஞ்சு அழுவிப் போயிடும்!"

"அழுகினா நல்லதுதானேங்க? உங்க தொல்லை விட்டுச்சி" என்றேன்.

புருஷன் பெண்டாட்டி இருவர் முகமும் கறுத்துவிட்டது. சார் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாரும் மோவாயாலும் முழங்கையாலுமே பூசணியைக் காட்டினோம்.

சார் வழக்கம்போல அண்ணாந்து பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு, "தறிய நகத்தலாமா?" என்றார்.

"குழித் தறிங்க. எங்க நகத்தறது?"

"அப்ப காயை அறுத்துடலாமா?"

"கூடாதுங்க."

"ஏன்?"

சம்பந்தம் ஊடு நூல் ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். கௌரிதான் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலை இறக்கிச் சொன்னார்.

"கொழுந்தனார் பொண்ணு திவ்யாவுக்குக் கண்ணாலம் வெச்சிருக்காங்க சார். இது அந்தப் பொண்ணுக்கு முகூர்த்தப் புடவை. அவுங்களுக்குத் தெரியாது. மாம்பழக் கலருல அரக்கு பார்டரு வெச்சி கட்டணும்னு அது சினேகிதிகிட்ட சொல்லிகினு இருந்துச்சி. சுவத்துக்கு இந்தாண்ட எனக்குக் கேட்டுச்சி. இவுருகிட்ட சொன்னேன். மறுநாளே பாவு ஏத்திட்டாரு."

"பேச்சுவார்த்தை இல்லன்னீங்களே?" என்றேன்.

சம்பந்தம் தலை நிமிராமல் சொன்னார்: "பேச்சுதான மேடம் இல்ல. பொண்ணு நம்ம பொண்ணுதான? கண்ணாலம் நிச்சயமான வூட்டுக் கொடியில பிஞ்ச அறுப்பாங்களா? நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் அறுத்ததாலன்னு என் மனசே சொல்லும். அவங்கள கூப்ட்டு அறுக்கச் சொல்லலாம்னா, உள்ள வந்து பாவைப் பாத்துடுவாங்க."

அப்போதுதான் எனக்கு அவர் சங்கடம் முழுதாகப் புரிந்தது. காய் பெருத்து விழுந்தால் பாவு அறும். பாவு அறுந்தால் புடவை இல்லை, முகூர்த்தமும் நெருங்குகிறது. காயை அறுக்கவோ மனம் இடம் கொடுக்கவில்லை.

தண்ணீர் கொடுக்கிற சாக்கில் கௌரி என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போய் இன்னொன்றும் சொன்னார். "மேடம், அவுருக்குத் தெரியாது. பொம்பளப் பூ மட்டும் தனியா உள்ள பூத்து நின்னுகினு இருந்துச்சி. பாவமா இருந்துச்சி. உங்க நோட்டீஸுல போட்டிருந்த மாதிரி, சுவத்து மேல எட்டி ஒரு ஆம்பளப் பூவப் பறிச்சி வந்து தடவிட்டேன்."

வேலையில் சேர்ந்ததிலிருந்து கையால் மகரந்தம் சேர்ப்பதைப் பற்றி எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறேன். செய்துபார்த்த முதல் ஆள் கௌரிதான்.

கூடத்துக்குத் திரும்பினால், சார் ஸ்டூலில் ஏறி நின்று தன் குடையை விரித்துத் தலைகீழாகப் பூசணிக்குக் கீழே கட்டிக்கொண்டிருந்தார். "இது இன்னிக்கு மட்டும். உறி கட்டணும். உங்ககிட்ட கழிவு நூல் இருக்குதுங்களா?" என்று கேட்டார். மறுநாள் கௌரி பாவின் கழிவுப் பட்டு நூலைத் திரித்து உறி பின்னி, கூரைச் சட்டத்தில் கட்டி, காயை அதில் உட்கார வைத்தார். பந்தலில் பெரிய காய்களுக்கு உறி கட்டுவது வழக்கம்தான். பட்டு உறியில் உட்கார்ந்த பூசணியை நான் அங்கேதான் பார்த்தேன்.

பழைய சட்டம் பெரிய காயைத் தாங்காது, அதனால் அடுத்தது வளர்ச்சியைக் குறைப்பது. ஒரு கொடியில் காய் பெருக்க வேண்டுமானால் இரண்டொன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடச் சொல்வோம். இங்கே அதைத் தலைகீழாகச் செய்யவேண்டும் என்றார் சார். எல்லாக் காயும் கொடியிலேயே இருந்தால் சாப்பாடு பங்காகும், ஒரு காயும் ரொம்பப் பெருக்காது. இதைப் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லவேண்டியது நான். காரணம் சொல்லக் கூடாது.

சேகரின் மனைவி செல்வி என்னைச் சந்தோஷமாக வரவேற்றார்.

"கொடி பிரமாதமா வந்துகினு இருக்குது மேடம். நெறைய பிஞ்சு. கொஞ்சத்தக் கிள்ளிடலாம்னு பாக்கறேன். ஓட்டு மேல எட்டலன்னு இவுரை ஏறச் சொல்லியிருக்கேன்."

"கிள்ளாதீங்க" என்றேன்.

"உரம் வெக்கலாமா?"

"வைக்காதீங்க."

"தண்ணி?"

"கம்மியா ஊத்துங்க."

செல்வி உள்ளே போய் என் நோட்டீசை எடுத்து வந்தார். "இதுல எல்லாமே வேற மாதிரி போட்டிருக்குதே மேடம்?"

"அது பொதுவா போட்டது. இது தனிக் கொடி" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் வந்துவிட்டேன்.

பிறகு பூசணிக்கும் புடவைக்கும் பந்தயம் நடந்தது. சம்பந்தம் விடிந்ததும் குழியில் இறங்கிவிடுவார். இரண்டு பக்கமும் கரை போட்ட புடவை என்பதால் ஒரு பக்கத்து நாடாவைக் கௌரி தள்ளவேண்டும். சமையல் என்று அவர் எழுந்தால் இவர் பேஜார் ஆகிவிடுவார். "ஜல்தி வாம்மா, அது நேத்தைக்கு இன்னிக்கு ஊதியிருக்குது பாரு" என்று மோவாயை மேலே தூக்குவார். காய் முற்ற ஆரம்பித்ததும் மேலே வெள்ளைச் சாம்பல் பூத்தது. அது பட்டில் உதிரும் என்று பயந்து, நடுவில் ஒரு வேட்டியை விரித்துக் கட்டினார்கள். பட்டு உறி, கீழே குடை, அதற்கும் கீழே வேட்டி. புறப்பாட்டுக்கு நிற்கும் சாமி மாதிரி இருந்தது. சார் தினம் அந்தத் தெரு வழியாக வருவார். உள்ளே வந்து அண்ணாந்து பார்ப்பார். தன் குடையைத் திருப்பிக் கேட்கவே இல்லை. மழையில் நனைந்துகொண்டு போனார்.

நாங்கள் ஒன்றை யோசிக்கவில்லை. கிள்ளாமல் விட்ட காய் எல்லாம் வளர்ந்தது. ஒவ்வொன்றும் சின்னதுதான், ஆனால் மொத்தமாகச் சேர்ந்தால் பழைய ஓட்டுக்கு அது பெரிய பாரம். சம்பந்தம் பக்கத்துக் கூரை குழிந்துவருவதைச் செல்விதான் முதலில் பார்த்தார். ஓடு உடைந்தால் நம் கொடியால்தான் என்று அண்ணன் வீட்டில் பேசுவார்களே என்று பயந்து, நான் சொன்னதை ஒதுக்கிவிட்டுப் புருஷனை ஏற்றிவிட்டார்.

நானும் சாரும் அன்று கூடத்தில்தான் இருந்தோம். புடவையில் முந்தானை மட்டும் பாக்கி. தலைக்கு மேல் காலடிச் சத்தம் கேட்டது. சம்பந்தம் நாடாவை நிறுத்தினார். சடசடவென்று ஓடு உடைந்தது. தூசியோடு இரண்டு கால்கள் கூரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கி, இடுப்பு சட்டத்தில் சிக்கியதால் அப்படியே தொங்கின. ஓட்டுச் சில்லெல்லாம் பாவுக்கு மேல் கட்டிய வேட்டியில் விழுந்தது. வேட்டி ஒரு பக்கம் அவிழ்ந்து, சில்லைத் தரையில் கொட்டிவிட்டுச் சரிந்தது. பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கால்கள் அதற்கு மேலே உதைத்துக்கொண்டிருந்தன.

சம்பந்தம் குழியிலிருந்து எகிறி வந்து ஸ்டூலில் ஏறி இரண்டு பாதத்தையும் பிடித்தார். வலது காலில் ஒரு விரல் கோணல். அதைப் பார்த்தார்.

"சேகரா?"

மேலிருந்து "ம்" என்றது.

"காலை ஆட்டாதடா. கீழ பாவு."

"ஆட்டலண்ணா. தானா நடுங்குது."

"நடுங்காத."

"சரிண்ணா."

இத்தனை வருஷம் கழித்து அவர்கள் பேசிக்கொண்டது இதுதான். சார் ஓடிப்போய் ஒரு காலை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார். இன்னொரு கால் அண்ணன் தோளில். கௌரி ஏணிக்காகத் தெருவுக்கு ஓடினார்.

"அண்ணா, பூசணிக்கா ஒண்ணும் ஆவலியே?" என்று மேலிருந்து கேட்டது.

"அதுக்கு இன்னாடா, உறி கட்டியிருக்குது. உனக்குத்தான் உறி இல்ல."

உடைந்த கண்ணாடி ஓட்டின் சந்து வழியாக ஒரு முகம் குனிந்து கீழே பார்ப்பது எனக்குத் தெரிந்தது. வேட்டி சரிந்த இடத்தில் மாம்பழ மஞ்சளும் அரக்குக் கரையும் பளீரென்று கிடந்தன.

"அண்ணா... இது யாருக்கு?"

சம்பந்தம் பாதத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சாரும் நானும் தரையைப் பார்த்தோம். தோளில் இருந்த கால்கள் மறுபடி குலுங்கின. முன்பு பயத்தில் நடுங்கியது மாதிரி இல்லை. சம்பந்தத்தின் கைமேல் ஒரு சொட்டு விழுந்தது. அவர் பதறிப்போய்த் தலையைத் தூக்கிக் கத்தினார்.

"டேய், அழுவறதா இருந்தா மூஞ்சிய அந்தாண்ட திருப்பிகினு அழுடா! பட்டுல சொட்டுனா கறை நிக்கும்!"

"சரிண்ணா, சரிண்ணா" என்று விசும்பிக்கொண்டே முகம் சந்திலிருந்து விலகியது. கீழே சம்பந்தம், சொட்டு எதுவும் விழுந்துவிடாமல் ஒரு உள்ளங்கையைப் பாவுக்கு மேல் விரித்துப் பிடித்தபடி நின்றார். அவர் கண்ணிலிருந்து வழிந்ததை அவர் சட்டை வாங்கிக்கொண்டது.

தெருக்காரர்கள் ஏணி போட்டு சேகரை மேலே இழுத்து இறக்கினார்கள். இடுப்பில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. செல்வி வாசல்வரை வந்து தயங்கி நின்றார். கௌரி போய்க் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார். பூ தடவிய கதையை அவர் அன்றுதான் எல்லார் முன்னாலும் சொன்னார். சம்பந்தத்துக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்பட அவருக்கு நேரமில்லை, முந்தானை பாக்கி இருந்தது.

திவ்யா அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். நாங்கள் போயிருந்தோம். பந்தியில் சம்பந்தமும் சேகரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். எதிர் வரிசையில் நானும் சாரும். சாம்பார் வாளி வந்தது. அந்தப் பூசணிதான், பெரிய பெரிய துண்டாக. சேகர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். சார் ஒரு துண்டைப் பிட்டு நிதானமாக வாயில் போட்டு, "நல்ல சதைப்பற்று" என்றார்.

சம்பந்தம் கையால் இலையை மூடிக்கொண்டார்.

"இன்னாங்க, சாம்பார் வேணாமா?" என்றேன்.

"வேணாம் மேடம். இது எப்ப விழுமோ எப்ப விழுமோன்னு அண்ணாந்து பாத்துகினே நெய்ஞ்சவன் நானு. தொண்டையில எறங்காது" என்று சொல்லிவிட்டு, ரசக்காரரைக் கூப்பிட்டார்.